மால்குடி எந்த ஊர்? – ஒரு தொலைக்காட்சித் தொடரும் இரசிகர் ஊகங்களும்

கலைப்படைப்பு ஒன்றைச் சுவைத்தவர்க்கு அது பிறந்த இடத்தையும், பிறப்பித்த கையையும் காண வேண்டும் என்னும் அவா எழுவது இயற்கை. சிற்பத்தைக் கண்டவர் சிற்பியின் ஊரைக் கேட்கிறார். நாடகம் பார்த்தவர் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க விரும்புகிறார். இந்த அவா தொலைக்காட்சி வந்த பின்னர்ப் பன்மடங்காகப் பெருகிற்று. திங்கட்கணக்கில் நம் கூடத்திற்கு வந்து போகும் மாந்தரைப் பற்றி நாம் ஊகம் செய்வதும், அவ்வூகத்தை அயலாரோடு பகிர்ந்து வாதிடுவதும் தொடர்ச் சுவையின் ஒரு பகுதியே ஆகிவிட்டன.

மேனாட்டில் இதற்குச் சான்றுகள் மிகப் பல. 1994 முதல் 2004 வரை 236 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்னும் நகைச்சுவைத் தொடரை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். அதன் கதை நடப்பது நியூயார்க் நகரில். படமாக்கப்பட்டதோ கண்டத்தின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியாவின் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில். அதில் வரும் ஃபீபி என்னும் பெண் காப்பிக்கடைச் சன்னலுக்கு வெளியே நின்று கண்ட கனவே கதை முழுவதும் என்று ஊகிப்பாரும் உளர். கேட்க வேடிக்கையாக இருக்கும். எனினும் அவ்வூகத்தை அறிந்த பின் தொடரை மீண்டும் பார்த்தால் புதியதாக ஏதேனும் புலப்படுகிறதா? இல்லை. கதவு திறக்கிறது, உள்ளே அறை இல்லை.

தம் நாடகங்களின் நாயகியர்க்கு ஜானகி என்றே பெயரிட்டு வந்த கிரேசி மோகனை எண்ணிப் பார்ப்போம். பள்ளிப் பருவத்தில் தம்மை மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாக இட்ட பெயர் அது. இஃதும் ஒரு சிறு துணுக்குச் செய்திதான். ஆனால் இதனை அறிந்தபின், அந்நாடகங்களின் கலகலப்புக்கு அடியில் ஒரு மாணவனின் நன்றி இருப்பதை உணர்கிறோம். படைப்பினின்று நம்மை அப்பால் இழுத்துச் செல்லும் செய்தி ஒன்று. படைப்புக்குள் மீண்டும் அழைத்து வரும் செய்தி மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வாளர் கடமை என்பது நம் கருத்து. அவ்வளவுகோலைப் பெங்களூர் வாழ் தமிழராகிய நமக்கு மிக நெருக்கமான ஒரு தொடரின்மீது வைத்துப் பார்ப்போம். அதுவே ‘மால்குடி டேஸ்’.

தொடரின் வரலாறு

ஆர். கே. நாராயண் எழுதிய கதைகளைத் தழுவிய இத்தொடர் 1986–87 ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. டி. எஸ். நரசிம்மன் தயாரிக்க, சங்கர் நாக் இயக்கினார். முதலில் வந்தவை 39 பகுதிகள். அவற்றுள் முதற் பதின்மூன்றும் ஆங்கிலம், இந்தி ஆகிய இரு மொழிகளிலும் உருவாயின. எஞ்சியவை இந்தியில் மட்டும். 2006 இல் கவிதா லங்கேஷ் மேலும் 15 பகுதிகளை இயக்கினார். முகப்பில் தோன்றிய கோட்டோவியங்கள் நாராயணின் இளவல் ஆர். கே. லட்சுமணன் வரைந்தவை. இன்றும் காதை விட்டு அகலாத முகப்பிசையை அமைத்தவர் எல். வைத்தியநாதன், ‘ஏழாவது மனிதன்’ படத்தில் பாரதியின் பாடல்களுக்கு இசை தந்தவரும் அவரே. சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத்தும், அவன் தந்தையாகக் கிரீஷ் கர்னாடும் நடித்தனர்.

இன்று கூறப்படும் ‘சூழ்நிலை நகைச்சுவை’ என்னும் வகையுள் இத்தொடர் முழுவதும் அடங்காது என்பது உண்மையே. பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலி இதில் இல்லை. எனினும், ஓர் எளிய மனிதன் தானே பின்னிய வலையில் தானே சிக்கி விழிப்பதும், அடுத்த வாரமும் அதே ஊர் அதே தெரு என்று நாம் உரிமையோடு நுழைவதும் இதன் இயல்பாதலின், அவ்வகையின் உறவினர் என்று இதனைக் கொள்வதில் தவறில்லை.

அன்று வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இல்லை. இருந்த இடத்தில் அலைவரிசை ஒன்றே. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் சிறீராமபுரத்திலும் இந்தி அறியாத பாட்டிமார், அண்டை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து சுவாமியின் குறும்புகளைக் கண்டு சிரித்தனர். “பாட்டி, உனக்கு என்ன புரிஞ்சுது?” என்று பேரன் கேட்டால், “இதுல புரியறதுக்கு என்னடா இருக்கு? உன் அப்பன் செஞ்சதுதானே!” என்று மறுமொழி வரும். அக்கூடங்களில்தான் அந்தக் கேள்வியும் முதன்முதலில் எழுந்தது: இந்த மால்குடி எந்த ஊர்?

ஊகங்கள் நான்கு

முதலாவது, நம் நகரில் மிகப் பரவிய ஊகம். மல்லேசுவரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் ஒட்டினால் மால்குடி வரும் என்பது அது. 1898 ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் வளர்ந்த பேட்டைகள் இவ்விரண்டும். நாராயண் தம் முதல் நாவலின் முதல் வரியை எழுதியதும் பெங்களூரில்தான். பாட்டி நாள் பார்த்துச் சொல்ல, ஒரு செப்டம்பர் மாதத்து நல்ல நாளில் நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதத் தொடங்கியதாக அவரே தம் வாழ்க்கை நினைவுகளில் குறித்துள்ளார். ஆகவே ஊகத்திற்கு வலு இருப்பதுபோல் தோன்றுகிறது.

இரண்டாவது, திருச்சி மாவட்டத்து லால்குடியின் முதலெழுத்தை மாற்றியதே மால்குடி என்பது. இதனைச் சொல்வோர் பெரும்பாலும் நம்மவரே. மூன்றாவது, நாராயண் வாழ்ந்த மைசூரையோ, கபினிக் கரையிலுள்ள நஞ்சன்கூட்டையோ சுட்டுவது. நான்காவது, தொடரைக் கண்டபின் பிறந்தது: அது சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பேதான் என்பது. படப்பிடிப்பு பெரும்பாலும் அங்கு நிகழ்ந்தது. ‘தொட்ட மனெ’ என்னும் பழைய பெருவீடே சுவாமியின் இல்லமாயிற்று. இன்றும் அவ்வீட்டைக் காணச் செல்வோர் பலர். அண்மையிலுள்ள அரசாளு இரயில் நிலையத்திலும் காட்சிகள் எடுக்கப்பட்டன. அங்கே 2020 இல் மால்குடி அருங்காட்சியகமும் அமைந்தது. இல்லாத ஊருக்கு இருக்கும் நிலையம் ஒன்று சாட்சி சொல்ல வந்தது எனலாம்.

இனி இவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

மால்குடிக்குச் சரயு என்னும் ஆறு உண்டு. அதன் மணலில்தான் பிள்ளைகள் விளையாடுவர். அதன் கரையில்தான் மக்கள் கூட்டம் கூடும். பெங்களூரோ ஆற்றங்கரை நகரன்று. ஏரிகளால் வளர்ந்த நகரம். மேலும், 1935 இல் வெளியான ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் 1930 ஆகஸ்டு மாதத்து விடுதலைக் கிளர்ச்சி வருகிறது. மால்குடியில் மகாராசா இல்லை. ஆங்கிலேய ஆட்சியின் கலெக்டர் உண்டு. இராஜத்தின் தந்தை அவ்வாட்சியின் போலீசு அதிகாரி. அன்றைய மைசூர் அரசிலோ மன்னர் இருந்தார். பெங்களூர்த் தண்டுப் பகுதி மட்டும் ஆங்கிலேயர் கையில் இருந்தது என்றாலும், அதனை ஆண்டவர் ரெசிடெண்ட், கலெக்டர் அல்லர். எனவே ஆட்சியமைப்பை நோக்கின் மால்குடி பழைய சென்னை மாகாணத்து ஊர். பிரெடரிக் லாலி என்பவரின் சிலையும் லாலி பெயர் தாங்கிய குடியிருப்பும் அங்குண்டு. சென்னை மாகாண ஆளுநராக 1906 முதல் 1911 வரை இருந்தவர் ஆர்தர் லாலி. கோவையில் லாலி சாலை இன்றும் உள்ளது. தபால்காரர் தானப்பா கடிதம் கொடுத்துச் செல்லும் தெருவின் பெயர் விநாயக முதலி தெரு. வீட்டை விட்டு ஓடும் இளைஞன் சந்திரன் சென்று சேர்வது சென்னை.

இவ்வளவும் கேட்டு நம்மவர் நிமிர்ந்து உட்காரலாம். ‘அப்படியானால் மால்குடி நம் ஊர்தான்!’ என்று கைதட்டலாம். சற்றே பொறுத்தல் வேண்டும். சரயு என்பது இராமனின் அயோத்தியில் ஓடும் ஆறு. கபீர் தெரு என்பது வடநாட்டு அடியாரின் பெயர். காடும் மலையும் மைசூர்ப் பக்கத்தை நினைவூட்டுகின்றன. ஒரு சான்றை எடுத்தால் மற்றொன்று மறுக்கிறது. நாராயணோ, 1982 இல் வெளிவந்த கதைத் தொகுதியின் முன்னுரையில், இவ்வூர் கற்பனையே என்றும் எந்தப் படத்திலும் காண முடியாது என்றும் எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகத்தார் இலக்கிய வரைபட நூலொன்றில் மால்குடிக்கு இடம் குறித்துவிட்டதையும் குறும்போடு சேர்த்துக்கொண்டார்.

குடி என்னும் சொல்

ஊகங்கள் அனைத்தும் பொய்த்தன என்று கூறி இக்கட்டுரையை முடித்துவிடலாம். அவ்வாறு முடிப்பது நேர்மையாகாது. முதல் இரண்டு ஊகங்களும் தம்மை அறியாமலே ஓர் அரிய செய்தியைத் தொட்டுவிட்டன என்பது நம் துணிபு.

தமிழில் ‘குடி’ என்பது மக்கள் வாழும் இடம். காரைக்குடி, மன்னார்குடி, தூத்துக்குடி, லால்குடி என்று எண்ணற்ற ஊர்களின் ஈறு அது. கன்னடத்தில் ‘குடி’ என்பது கோயில். பசவனின் கோயில் இருப்பதால் அப்பகுதி பசவனகுடி ஆயிற்று. இருமொழிச் சொற்களின் முதலெழுத்து ஒலியால் வேறுபடினும், ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும்போது நம் செவிக்கு அவ்வேறுபாடு தோன்றுவதில்லை. நம் எழுத்திலும் அது புலப்படுவதில்லை. ஆகவே தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மால்குடி என்று படிக்கும்போது அதில் ஒரு குடியிருப்பைக் காண்கிறது. எதிர்வீட்டுக் கன்னடப் பிள்ளை அதே பெயரில் ஒரு கோயிலைக் காண்கிறது. இருவரும் அது தத்தம் மொழிப் பெயரே என்று ஐயமின்றி நம்புகின்றனர். இருவர் நம்பிக்கைக்கும் அடிப்படை இருக்கிறது.

நாராயண் இதனை எண்ணி இட்டார் என்று நாம் கூறவரவில்லை. அது மற்றோர் ஊகமாகிவிடும். ஆயினும் அவர் வாழ்வை நோக்குக. 1906 இல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, தந்தை தலைமையாசிரியராக இருந்த மைசூரில் நிலைபெற்று, வீட்டில் தமிழ் பேசி, தெருவில் கன்னடம் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரின் மனத்தில் தோன்றிய பெயர், இரு மொழிக்கும் பொதுவாக ஒலித்ததில் வியப்பென்ன? துணுக்குச் செய்தி படைப்புக்குள் அழைத்து வருதல் என்று நாம் மேலே கூறியது இதைத்தான்.

தொடர் பெற்றதும் இழந்ததும்

இதே நோக்கில் திரைக்குப் பின்னுள்ள செய்திகளையும் ஆராயலாம். ஆகும்பே தென்னாட்டுச் சிரபுஞ்சி எனப் பெயர் பெற்ற ஊர். ஆண்டுக்குச் சராசரி 7000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது. ஓடு வேய்ந்த வீடுகளும், ஈரம் படிந்த மரங்களும் கண்ணுக்கு விருந்தாயின. ஆனால் நாவலின் மால்குடி வெயில் காயும் ஊர். பிள்ளைகள் உச்சி வெயிலில் அலைவதும், பெரியவர்கள் அதட்டுவதும் அங்கே கதையின் உயிர். தொடரின் மால்குடியில் அவ்வெயில் தணிந்துவிட்டது; அதனோடு கதையின் காரமும் சற்றே தணிந்துவிட்டது.

மொழி பற்றிய குறை இதனினும் பெரிது. ‘ஒரு குதிரையும் இரு ஆடுகளும்’ என்னும் கதை இத்தொடரிலும் இடம்பெற்றது. அதில் முனி என்னும் கிழவர்க்குத் தமிழன்றி வேறு தெரியாது. அங்கு வந்து சேரும் அமெரிக்கர்க்குத் தமிழ் தெரியாது. கிழவர் தம் ஆடுகளை விற்றதாக எண்ண, வந்தவரோ மண்குதிரையை வாங்கியதாக எண்ணி நூறு ரூபாயைத் தருகிறார். மொழி அறியாமையே அங்கு நகைச்சுவை, அதுவே துயரமும். திரையில் முனி இந்தி பேசினார். நாடு முழுவதற்குமான ஒளிபரப்புக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆயினும் அக்கதையில் தமிழ் என்பது உடை மாற்றுவதுபோல் மாற்றத்தக்க ஒன்றன்று. வேற்றூரில் மொழி தெரியாமல் நின்ற அனுபவம் உடைய நம் குடும்பங்கள் இவ்விழப்பை உடனே உணரும்.

எனினும் 1965 இல் வந்த ‘கைடு’ திரைப்படத்தோடு ஒப்பிட்டால் தொடரின் பெருமை விளங்கும். மைசூரைச் சுற்றித் தாம் காட்டிய இடங்களை விடுத்துப் படப்பிடிப்பாளர் இராசத்தானத்து அரண்மனைகளுக்குச் சென்றுவிட்டமை குறித்து நாராயண் கசப்போடு எழுதியுள்ளார். சங்கர் நாக் அத்தவறைச் செய்யவில்லை. ஊரைப் பெரிதாக்கிக் காட்ட அவர் முயலவில்லை. திண்ணையைத் திண்ணையாகவே காட்டினார். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட கன்னடக் கலைஞர் ஒருவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆங்கில எழுத்தாளரின் கதையைத் தமிழ் இசையமைப்பாளரின் இசையோடு இந்தியில் படைத்தார். அது எவர்க்கும் அயலாகத் தோன்றவில்லை. 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே நிகழ்ந்த சாலை விபத்தில், 35 ஆம் வயதில் அவர் மறைந்தார். இந்நகரின் ஆட்டோக்களில் அவர் படத்தை இன்றும் காணலாம். ஓட்டுநர் தமிழரா கன்னடரா என்று அப்படம் பார்ப்பதில்லை.

உரிமை கோருதல் என்னும் நோய்

‘லாலி சாலை’ என்றொரு மால்குடிக் கதை உண்டு. விடுதலைக்குப் பின் நகரசபையார் தெருப் பெயர்களை மாற்றத் தொடங்குகின்றனர். பல தெருவாரும் மகாத்மா காந்தி சாலை என்னும் பெயரே வேண்டுமென்று நிற்க, வீடு தேடுவோர் திண்டாடுகின்றனர். பின்னர்க் கொடுங்கோலன் என்று கருதி லாலியின் சிலையை அகற்றுகின்றனர். அகற்றிய பின்னரே அவர் ஊருக்கு நன்மை செய்த வேறொரு லாலி என்று தெரிய வருகிறது. படித்துச் சிரித்தோம். ஆனால் இதே அல்சூரில், 1991 இல் திறக்கப்பட வேண்டிய வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்ததை எண்ணும்போது அச்சிரிப்பு உறைகிறது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. நாராயணின் நகைச்சுவை வெறும் வேடிக்கையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மால்குடி எம் ஊர் என்று லால்குடிக்காரரும் மல்லேசுவரத்தாரும் வாதிடும்போது, அன்பினால் பேசும்வரை அது சுவை. மற்றவர்க்கு அதில் இடமில்லை என்று கூறத் தொடங்கும் கணத்தில் அதுவும் ஒரு சிலைச் சண்டையே. இரசிகர் ஊகங்களின் எல்லை அங்கேதான் உள்ளது.

நம் பிள்ளைகளிடம் பள்ளியில் ‘நிம்ம ஊரு யாவுது?’ என்று கேட்கின்றனர். பிறந்தது பெங்களூர், தாத்தா பிறந்தது வேலூரோ சேலமோ தருமபுரியோ, வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடத்தில் மற்றொன்று. என்ன சொல்வதென்று குழந்தை திகைக்கிறது. நாமும் பல வேளைகளில் திகைக்கிறோம். அத்திகைப்பினின்றே ‘மால்குடி நம் ஊர்’ என்னும் ஆசை பிறக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த ஆசையை எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் அதற்கு விடையாக ஊரை நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. நியூயார்க்கில் தாம் தங்கிய தெருவிலேயே மால்குடியின் மாந்தரைக் கண்டதாக நாராயண் எழுதியுள்ளார். ஊர் என்பது ஆங்கு வாழ்வாரை உற்று நோக்கும் கண்ணில் உள்ளது என்பதே அதன் பொருள்.

இறுதியாக ஒன்று. மால்குடி என்னும் கற்பனையில் நாராயண் மனத்தில் முதலில் தோன்றியது தெருவன்று, கோயிலன்று, வீடன்று, இரயில் நிலையம். வருவோரும் போவோரும் நிற்கும் இடத்திலிருந்து அவ்வூர் பிறந்தது. முதல் நாவல் முடிவதும் அந்நிலையத்தில்தான். தந்தைக்கு மாற்றல் வந்ததால் இராஜம் புறப்படுகிறான். சுவாமி கொண்டுவந்த புத்தகம் ஓடும் வண்டிக்குள் எப்படியோ போய்ச் சேர்கிறது. நண்பன் மனம் மாறினானா என்பது மட்டும் சுவாமிக்குத் தெரியாமலே போகிறது. சென்னை வண்டியில் ஏறிப் பெங்களூரில் இறங்கிய எத்தனை குடும்பங்களின் கதை இது! மால்குடி எந்த ஊர் என்று நம் பிள்ளை அடுத்த முறை கேட்டால், வரைபடத்தை எடுக்க வேண்டா. அப்பகுதியை ஒருமுறை சேர்ந்து அமர்ந்து பார்த்துவிட்டு, அந்த நாவலை அதன் கையில் கொடுப்போம். எதிர்வீட்டுப் பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டால் இன்னும் நன்று.